செயற்கை இடுப்பு மூட்டு: உடைவதை விடத் தூளுக்குத்தான் அஞ்ச வேண்டும்

செயற்கை மூட்டுகளுக்கான பொருள்களின் தேய்மானத்தைச் சோதிப்பது என் வேலை. நான் மருத்துவர் இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும். உள்ளே வைப்பது என்ன, ஏன் என்பதற்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த மாதம் அறுவை. நான்கு பாகங்கள் என்றார் டாக்டர். எவை அவை?

பதில்: தொடை எலும்பின் உள்குழலில் இறங்குவது தண்டு. அதன் கழுத்தில் உட்காருவது பந்து. இடுப்பெலும்பின் குழியில் பதிவது உலோகக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பொருந்துவது லைனர் என்னும் உள்ளுறை. அசைவெல்லாம் பந்துக்கும் லைனருக்கும் இடையில்தான். தண்டும் கிண்ணமும் எலும்போடு எலும்பாக அசையாமல் நிற்க வேண்டும். பந்தைத் தண்டோடு பிணைக்கத் திருகு கிடையாது. கூம்பு வடிவக் கழுத்தில் தட்டி இறுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: லைனர் பிளாஸ்டிக்காமே! ஐயா, உடலுக்குள் போய் பிளாஸ்டிக்கா? தேய்ந்துவிடாதா?

பதில்: தேயும். இந்தத் துறையின் வரலாறே அந்தத் தேய்மானத்தோடு நடந்த போராட்டம்தான். இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானை வைத்துப் பார்த்தார். வழுக்கும் பொருள்தானே என்ற நம்பிக்கை. சில ஆண்டுகளுக்குள் அது தேய்ந்து, அந்தத் தூளைச் சுற்றித் திசு வீங்கி, நோயாளிகளுக்கு மறு அறுவை செய்ய வேண்டியதாயிற்று. 1962 நவம்பரில் அவர் மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்குக்கு மாறினார். பந்தையும் 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிதாகவே வைத்துக்கொண்டார். இன்றைய மூட்டு அந்த வழியில் வந்ததுதான்.

லைனர் மெலிவது பாதிச் சிக்கல்தான். உதிரும் நுண்தூள்தான் பெரிய தொல்லை. நோய் எதிர்ப்பு செல்கள் அதைக் கிருமி என எண்ணி விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் அழற்சியைக் கிளப்புகின்றன. அருகிலுள்ள எலும்பு கரைகிறது. இறுகியிருந்த மூட்டு தளர்கிறது. உடலிலிருந்து எடுத்த ஒரு பழைய லைனரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தது. காணாமல் போன அந்தப் பகுதி முழுவதும் ஒரு மனிதரின் உடலுக்குள் தூளாகச் சேர்ந்தது என்ற நினைப்பு இன்றும் என்னை விடவில்லை.

1990-களின் இறுதியிலிருந்து பாலிஎத்திலீனைக் கதிர்வீச்சால் குறுக்குப் பிணைப்பு செய்து, அதாவது அதன் நீள மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்து, பிறகு சூடாக்கியோ வைட்டமின் ஈ சேர்த்தோ நிலைப்படுத்துகிறார்கள். பழைய லைனர் ஆண்டுக்குச் சுமார் 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தது. புதியது அதில் ஒரு சிறு பங்குதான். அம்மாவுக்குப் பிளாஸ்டிக் லைனர் என்றால் தயங்க வேண்டாம்.

கேள்வி: என் மாமாவுக்கு 2008-இல் பந்தையும் அது நேரடியாக உராயும் கிண்ணத்தையும் உலோகமாகவே வைத்தார்கள். வலி இல்லை. விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். அவற்றைச் செய்யும் கோபால்ட்-குரோமியம் என்னும் உலோகக் கலவை தன்னோடு தானே உராயும்போது மிக மிக நுண்ணிய துகள்களும் அயனிகளும் வெளியேறுகின்றன. சிலருக்குச் சுற்றியுள்ள தசை செத்துப்போகும் அளவுக்குப் போயிருக்கிறது. டெபூய் நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்னும் தன் இந்த வகை மூட்டை 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. வலி இல்லாமலும் பாதிப்பு இருக்கலாம். இரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

கேள்வி: செராமிக், அதாவது பீங்கான் வகைப் பந்து உடைந்துவிடும் என்கிறார்களே?

பதில்: உடையலாம், ஆனால் அரிது. இன்று அதிகம் வைப்பது அலுமினா, சிர்கோனியா என்னும் இரு செராமிக் பொருள்களைக் கலந்தது. உடைந்துவிட்டால் அந்த இடத்தில் உலோகப் பந்தை வைப்பது தவறு. திசுவில் தங்கிய சில்லுகள் அதை அரம் போல ராவிவிடும். செராமிக் பந்தும் செராமிக் லைனரும் சேர்ந்தால் சிலருக்குக் கீச்சென்ற ஒலி எழும்.

கேள்வி: தண்டு டைட்டானியம் என்கிறார்கள். அந்த உலோகம் அவ்வளவு நல்லதென்றால் பந்தையும் அதிலேயே செய்யலாமே?

பதில்: டைட்டானியத்தில் எளிதில் கீறல் விழும், உராயும் இடத்துக்கு உதவாது. தண்டுக்கு அது ஏற்றது. கோபால்ட்-குரோமியத்தின் விறைப்பில் ஏறக்குறையப் பாதிதான் அதற்கு. மிக விறைப்பான தண்டு சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். வேலையில்லாத எலும்பு மெலியும். தண்டின் மேற்பரப்பை நுண்துளைகளோடு செய்தால் எலும்பு அதற்குள் வளர்ந்து பற்றிக்கொள்கிறது.

கேள்வி: அப்பாவுக்குச் சிமென்ட் வைப்பார்களாம். கட்டடச் சிமென்ட் மாதிரியா?

பதில்: பெயர் மட்டும்தான். இது அக்ரிலிக் வகை. தூளையும் திரவத்தையும் கலந்தால் சில நிமிடங்களில் சூடேறி இறுகும். பசை போல ஒட்டாது, இடைவெளியை நிரப்பி இறுக்கும். எலும்பு மெலிந்த முதியவர்களுக்கு நம்பகமான வழி.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? மருத்துவமனையிலிருந்து எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம், மூட்டைச் சுற்றிப் படம் மங்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தின் பெட்டியிலும் ஒட்டுச்சீட்டு இருக்கும்: தயாரிப்பாளர், மாதிரி, அளவு, தொகுதி எண். அவற்றின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து லைனரை மட்டும் மாற்ற நேர்ந்தால், உள்ளே இருக்கும் கிண்ணத்துக்குப் பொருந்துவது எது என்று மருத்துவர் முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.