பெத்தேன் கை நீட்டினார், ஹிட்லர் என்ன கொடுத்தார்?

கேள்வி: 1940-ல் ஜெர்மனியிடம் தோற்ற பிரான்ஸ், அதே ஜெர்மனியோடு கூட்டுச் சேர்ந்து பிரிட்டன்மீது போர் தொடுப்பதாக ஒரு மாற்று வரலாற்று நாவல் எழுதுகிறேன். அல்ஜீரியாவின் மெர்ஸ் எல் கெபிர் துறைமுகத்தில் பிரிட்டிஷ்காரர்கள் பிரெஞ்சுக் கப்பல்களைச் சுட்டதால் வந்த கோபமே அதற்குப் போதும். அன்று பிரான்ஸின் தலைவராக இருந்த மார்ஷல் பெத்தேனுக்குத் துணிச்சல் இருந்திருந்தால் ஆறு மாதத்தில் லண்டன் விழுந்திருக்கும். புதுச்சேரி கவர்னரும் அந்தப் பக்கம் சேர்ந்து, காரைக்காலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு இடம் கொடுக்கிறார். நம்பும்படி இருக்கிறதா? (ஒரு வாசகர், காரைக்கால்)

பதில்: இல்லை. நீங்கள் தப்பான ஆளின் மனதை மாற்றி எழுதுகிறீர்கள். பெத்தேன் தயங்கினார், அதனால் கூட்டணி அமையவில்லை என்று நினைக்கிறீர்கள், ஆனால் நடந்தது கிட்டத்தட்ட தலைகீழ். 1940 அக்டோபர் 24 அன்று மொந்துவார் ரயில் நிலையத்தில் ஹிட்லரின் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அவர், ஆறு நாள் கழித்து வானொலியில் ‘ஒத்துழைப்புப் பாதையில் இறங்குகிறேன்’ என்று நாட்டுக்கே அறிவித்தவரும் அவர்தான். அவருடைய அமைச்சர் லாவாலும், பின்னால் கடற்படைத் தலைவர் டார்லானும் இன்னும் ஒருபடி மேலே போய் பெர்லினிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று பார்க்க, போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தான ஜூன் 22-க்குப் போங்கள். 1918-ல் ஜெர்மனி தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட அதே ரயில் பெட்டி கொம்பியேன் காட்டில் ஒரு கட்டடத்துக்குள் காட்சிக்கு இருந்தது. சுவரை இடித்து அந்தப் பெட்டியை வெளியே இழுத்து, அன்று நின்ற அதே இடத்தில் நிறுத்தி, பிரெஞ்சுக்காரர்களை அதில் உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். நாளைக்கு நமக்காகச் சண்டை போடப்போகிற ஆளை ஒருவன் இப்படியா நடத்துவான்? ஒப்பந்தத்தின் உள்ளே இருந்ததும் அதே மனசுதான்: நாட்டில் பாதிக்கு மேல் ஆக்கிரமிப்பு, அந்த ஆக்கிரமிப்புப் படைக்கு ஆகும் செலவு தோற்றவன் தலையில். அந்தச் செலவு என்று தீர்மானித்த தொகை நாளொன்றுக்கு 40 கோடி ஃபிராங்க். ஒரு மார்க்குக்கு 20 ஃபிராங்க் என்று மாற்று விகிதத்தையும் ஜெர்மானியர்களே வைத்தார்கள், ஆகவே பாரீஸ் கடைக்குள் நுழைந்த சாதாரண ஜெர்மன் சிப்பாய்கூட பட்டுக் காலுறையும் வாசனைத் திரவியமும் அள்ளிக்கொண்டு போக முடிந்தது. காசு கொடுத்துத்தான் வாங்கினான், ஆனால் அந்தக் காசைக் கட்டியது பிரான்ஸ். இதற்கு மேல் சுமார் 15 லட்சம் பிரெஞ்சுப் போர்க்கைதிகள் ஜெர்மன் முகாம்களில் இருந்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு வீட்டில் அப்பா இல்லை, இன்னொரு வீட்டில் பிள்ளை இல்லை. உங்கள் நாவலில் பிரிட்டன்மேல் பாயப்போகும் படைக்கு ஆளை எந்த வீட்டிலிருந்து எடுப்பீர்கள்?

மெர்ஸ் எல் கெபிர் கோபம் உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஜூலை 3 அன்று ஒரே மாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மாலுமிகள், அதுவும் இரண்டு வாரம் முன்புவரை தோழர்களாக இருந்தவர்களின் குண்டுக்கு, செத்தார்கள். விஷி நகரிலிருந்து நடந்த பெத்தேனின் அரசு பிரிட்டனோடு உறவை முறித்தது, செப்டம்பரில் மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுத் துறைமுகமான டாக்காரை பிரிட்டன் தாக்கியபோது பிரிட்டிஷ் தளமான ஜிப்ரால்டர்மேல் குண்டு போட்டது. அதோடு நின்றுவிட்டது. கோபத்தில் ஒரு நாள் குண்டு போடலாம், வருஷக்கணக்கில் போர் நடத்த வேண்டுமென்றால் ஜெயித்தவன் தோற்றவனுக்கு எதையாவது திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கைதிகளை அனுப்பியிருக்க வேண்டும், இல்லை வட பிரான்ஸையாவது விட்டிருக்க வேண்டும், குறைந்தபட்சம் எல்லைப் பகுதியான அல்சேஸை என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஹிட்லர் எதையும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் நீஸ், கோர்சிகா, துனிசியா எல்லாம் தனக்கு வேண்டும் என்று முசோலினி காத்திருந்தார், மொராக்கோ வேண்டும் என்று ஸ்பெயினின் ஃபிராங்கோ கேட்டார். 1941 மே மாதம் டார்லான் பிரான்ஸ் வசமிருந்த சிரியாவின் விமானத்தளங்களையே திறந்துவிட்டு, துனிசியாவின் பிசெர்த் துறைமுகம், டாக்கார் வரை பேசினார், பதிலுக்கு வந்தது கைதிகளில் ஒரு பகுதியும் செலவுத் தொகையில் ஒரு குறைப்பும்தான். கடைசியில் 1942 நவம்பரில் ஜெர்மன் படை தெற்கு பிரான்ஸின் தூலோன் துறைமுகத்துக்குள் வந்தபோது, நீங்கள் லண்டனை நோக்கி அனுப்ப நினைக்கிற அந்தக் கடற்படை தன் கப்பல்களில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றைத் தானே மூழ்கடித்தது.

தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கூட்டாளி ஆவதே நடக்காது என்று சொல்லவில்லை, இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. 1806-ல் நெப்போலியனிடம் தோற்று, பாதி நிலத்தை இழந்த ஜெர்மானிய நாடான பிரஷ்யா, 1812-ல் அவருக்காகவே ரஷ்யாமீது சுமார் 20,000 பேரை அனுப்பியது, அது கட்டாயக் கூட்டணி. டிசம்பர் 30 அன்று அந்தப் படையின் தளபதி யார்க், அரசரைக்கூடக் கேட்காமல் ரஷ்யர்களோடு ஒப்பந்தம் போட்டு விலகிவிட்டார், மார்ச்சில் பிரஷ்யா நெப்போலியன்மேலேயே போர் தொடுத்தது. அப்புறம் 1866-ஐப் பாருங்கள். ஆஸ்திரியாவை அடித்து நொறுக்கியபின் வியன்னாவுக்குள் நுழையலாம் என்று பிரஷ்ய அரசர் துடிக்கிறார், அவருடைய பிரதமர் பிஸ்மார்க் மல்லுக்கு நின்று தடுக்கிறார், ஆஸ்திரியாவின் சொந்த நிலத்தில் ஒரு பிடிகூட பிரஷ்யா எடுக்கவில்லை. பதின்மூன்றே வருஷத்தில் பிரஷ்யா தலைமையில் உருவான ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் கூட்டணி நாடுகள், 1914-ல் ஒன்றாகவே போருக்குப் போனார்கள். உங்கள் நாவலுக்கு வேண்டியது 1940-ல் அந்த பிஸ்மார்க். அவரை ஹிட்லரின் நாற்காலியில் உட்கார வைக்க முடிந்தால் எழுதுங்கள், ஆனால் அப்படி ஒருவர் அங்கே இருந்திருந்தால் அந்தப் போரே வேறு மாதிரி இருந்திருக்கும், முதல் அத்தியாயத்திலிருந்து மாற்ற வேண்டி வரும்.

காரைக்கால் அத்தியாயத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நீங்கள் அந்த ஊர்க்காரர், உங்களுக்கே தெரியும், கடலைத் தவிர மூன்று பக்கமும் நடந்து போகிற தூரத்தில் அன்று பிரிட்டிஷ் இந்தியா. 1761, 1778, 1793, 1803 என்று நாலு தடவை புதுச்சேரியைப் பிடித்தவர்களுக்கு ஐந்தாவது தடவை எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்? கவர்னர் பொன்வேன் 1940 செப்டம்பரில், லண்டனிலிருந்து ஜெர்மனியை எதிர்த்துக்கொண்டிருந்த தெ கோல் பக்கம் சேர்ந்தார். பயம் எவ்வளவு, பற்று எவ்வளவு என்று அவர் மனதுக்குள் போய் எழுதுங்கள், விஷியிலிருந்து ஒரு தந்தி, பிரிட்டிஷ் தரப்பிலிருந்து ஒரு எச்சரிக்கை, இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர். அதை எழுதினால் எனக்கு அனுப்புங்கள்.