ஆங்கிலத்தில் எந்த வார்த்தைக்கு எந்த ப்ரிபொசிஷன் வரும் என்று எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

நீங்களும் என்னைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்தவர் என்று நினைக்கிறேன். இன், ஆன், அட், டு என்று தனித்தனியாக அர்த்தம் மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். நேரம், இடம் சொல்ல அது உதவும். ஆனால் 'குட்' என்றால் ஏன் 'அட்', 'அஃப்ரெய்ட்' என்றால் ஏன் 'ஆஃப்' என்பதற்கு விதி எதுவும் கைகொடுக்காது. வார்த்தையைப் படிக்கும்போதே வாலோடு சேர்த்துப் படிக்க வேண்டியதுதான்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவன். சேர்ந்த புதிதில் பையர், அதாவது சரக்கு வாங்குபவர், அனுப்பும் மெயில்களைப் பார்த்து ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைப்பேன்: 'டிலே இன் ஷிப்மென்ட்', 'ரீசன் ஃபார் த டிலே', 'சப்ஜெக்ட் டு அப்ரூவல்'. தமிழில் யோசித்தால் எங்கே வழுக்கும் என்பதும் அப்படித்தான் பிடிபட்டது. 'என்னை விட சீனியர்' என்று மனசு சொல்வதால் கை 'சீனியர் தேன் மீ' என்று எழுதப் போகும். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீன் வழி வந்தவை, அவற்றுக்கு 'டு'தான். 'அதைப் பற்றி' என்று நாம் சொல்வதால் 'டிஸ்கஸ் அபௌட்' வந்து விழும். டிஸ்கஸ் தனியாகத்தான் நிற்கும், டிஸ்கஷன் என்று பெயர்ச்சொல்லானால் 'அபௌட்' சேரலாம். 'ப்ரௌட் ஆஃப்', ஆனால் 'ப்ரைட் இன்'.

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2,000 பீஸ் ஆர்டர் ஒன்றில் எண்ணிக்கையை 'இன்க்ரீஸ் டு 3,000' என்று பையர் எழுதியிருந்தார். அதாவது மொத்தமே 3,000. பக்கத்து சீட்டுக்காரர் அதை 'பை 3,000', அதாவது கூடுதலாக 3,000 என்று எடுத்துக்கொண்டு, மொத்தம் 5,000 பீஸுக்கு நூல் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டுக் கையெழுத்துக்கே அனுப்பிவிட்டார். காப்பி எனக்கும் வந்ததால் ஓடிப்போய் நிறுத்தினேன். அவர் கான்வென்டில் படித்தவர். அந்த வருஷம் ப்ரமோஷனும் அவருக்குத்தான், 'கம்யூனிகேஷன் நல்லா இருக்கு' என்றார்கள். சரளமாகப் பேசுவதை மட்டும் வைத்து ஆளை எடைபோடும் இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. இன்டர்வியூவில் தமிழ் மீடியம் என்றதுமே எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். வேலை தெரியுமா என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்?

சரி, இலக்கணமே வேண்டாம் என்று நான் சொல்வதாக ஆசிரியர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அமெரிக்காவில் 'டிஃபரென்ட் தேன்' என்கிறார்களே என்றும் கேட்காதீர்கள். சொல்வார்கள், ஆனால் 'டிஃபரென்ட் ஃப்ரம்' எங்கே எழுதினாலும் செல்லும்.

சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே போட்ட ஆங்கில-ஆங்கில அகராதியைத் திறங்கள். சாதாரண ஆங்கிலம்-தமிழ் அகராதியில் பெரும்பாலும் அர்த்தத்தோடு முடிந்துவிடும். ஆங்கில-ஆங்கில அகராதியில் 'அஃப்ரெய்ட்' என்று தேடினால் கூடவே 'ஆஃப்' இருக்கும், ஒரு எடுத்துக்காட்டும் இருக்கும். அதை வைத்து உங்கள் வேலையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். வங்கித் தேர்வுக்குப் படிப்பவர் என்றால் என்னுடைய மெயில் நோட்டு உங்களுக்கு ஒத்துவராது. பழைய வினாத்தாள்களில் வந்த ஜோடிகளிலிருந்து உங்கள் நோட்டைத் தொடங்குங்கள்.