இலக்கணம் தெரிந்தும் ஆங்கிலத்தில் பேசும்போது ஏன் தடுமாறுகிறோம்?

ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் முடிகிற தங்களுக்கு, அலுவலகக் கூட்டத்தில் பேச வாயெடுத்தால் மட்டும் தயக்கம் வந்துவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நேர்காணலுக்குத் தயாராகும் பட்டதாரிகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், இதை முதன்மையாக நேரப் பற்றாக்குறை என்றே சொல்வேன்.

பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக 200 மில்லி விநாடி அளவே இடைவெளி இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைத் தாய்மொழியில் சொல்வதற்கே அரை விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கோக்கத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டாம் மொழியிலோ, கேட்டுப் புரிந்துகொள்வதிலேயே கவனம் பெரிதும் செலவாகிவிடுகிறது.

தமிழர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 'நேற்று மேலாளரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல்' என்று இழுத்துக்கொண்டே போய், வினையைக் கடைசியில் முடிவுசெய்யத் தமிழ் இடம் தருகிறது. ஆங்கிலத்திலோ எழுவாயை அடுத்தே வினை வந்தாக வேண்டும். 'ஐ' என்று தொடங்கிவிட்டு, காலத்தையும் வினையையும் தேடி அங்கேயே நின்றுவிடும் மாணவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

தாய்மொழியாகப் பேசுபவர்களும் நிறுத்தத்தான் செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஒரு கருத்து முடிந்த இடத்தில். ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஈஎல்டிஎஸ் (IELTS) தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்ச மதிப்பெண்ணான 9-க்கு உரிய அளவுகோல்கூட, கருத்தை யோசிப்பதற்கான தயக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. சொல்லையும் இலக்கணத்தையும் தேடுவதால் வரும் தயக்கத்தை மட்டுமே ஏற்பதில்லை.

எனவே தனிச்சொற்களைக் காட்டிலும் முழுத் தொடர்களை மனத்தில் ஏற்றுங்கள். ஒரே செய்தியை முதலில் 4 நிமிடத்திலும், வேறொருவரிடம் 3 நிமிடத்திலும், மூன்றாமவரிடம் 2 நிமிடத்திலும் சொல்லிப் பழகுவது நெடுங்காலமாக வகுப்பறைகளில் கையாளப்படும் பயிற்சி. கருத்து ஏற்கெனவே கைவசம் இருப்பதால் மொழியில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது என்பதே அதன் பலம்.

யோசிக்க நேரம் தேவைப்படும்போது மௌனமாகிவிடாதீர்கள், ஏனெனில் மௌனத்தைப் பிறர் பேச்சு முடிந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். தமிழில் 'அது வந்து', 'என்னவென்றால்' என்று இயல்பாக இழுப்பதைப் போல, 'லெட் மீ திங்க்', 'வாட் ஐ மீன் இஸ்' போன்ற தொடர்களால் உங்கள் முறையைப் பிடித்துவையுங்கள். உதவுவதாக எண்ணி யாராவது உங்கள் வாக்கியத்தை முடித்துவைக்க முந்தினால், 'லெட் மீ ஃபினிஷ், ப்ளீஸ்' என்று கனிவாகச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அந்த உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு.