சாமான் அடுக்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

வணக்கமுங்க. ஒன்றரை வயசுப் பையனோடு ஜெர்மனியில் மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறோம், முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் பெருந்துறைக்குத் திரும்பும் முன் ஸ்டுட்கார்ட்டில் இரண்டு வயசு மகளோடு வீடு மாறியவன்தான்.

சோபா, கட்டில் எல்லாம் அப்புறம். முதலில் ஜன்னல். நம்ம ஊர் மாதிரி கம்பி இருக்காது, கைப்பிடியைத் திருகினால் முழுசாகத் திறந்துகொள்ளும்; மேல்பக்கம் மட்டும் சாய்த்து வைத்தாலும் அந்த இடுக்கில் பிள்ளையின் கழுத்து மாட்டிக்கொள்ளலாம். சாவி போட்டுப் பூட்டும் கைப்பிடி கடையில் கிடைக்கும், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாற்றிவிடுங்கள். என் மகள் செருப்புப் பெட்டியை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு ஏறி நின்றதைப் பார்த்தபோது எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அலமாரிகளையும் சுவரோடு திருகி இறுக்குங்கள்.

அங்கே பல வீடுகளை அடுப்புகூட இல்லாமல் வெறுஞ்சுவராகத்தான் தருவார்கள். ஊரிலிருந்து அம்மிச்சி போனில் "பால் காய்ச்சியாச்சா கண்ணு?" என்று கேட்பாரே, அதற்காகவாவது ஒரு ஒற்றை மின்னடுப்பு வாங்கி வையுங்கள். சாம்பிராணி மட்டும் வேண்டாம், கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறிவிடும்.

குடிபோன 2 வாரத்துக்குள் முகவரியைப் பதியவேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்துச் சான்று தேவை. சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தூளி கட்ட விட்டம் தேடாதீர்கள், கிடைக்காது. அவன் படுத்துப் பழகின பழைய விரிப்பைத் துவைக்காமல் கொண்டுபோங்கள், முதல் ராத்திரி அந்த வாசனைக்குத்தான் தூங்குவான்.