ரத்தக்கழிச்சல்: கோழிக்குடலுக்குள் நடப்பது என்ன?

பாலக்கோட்டிலிருந்து: சார், நாலு வாரக் குஞ்சுங்க. நேத்து வரைக்கும் நல்லா மேய்ஞ்சுது, இன்னிக்கு எச்சத்துல ரத்தம். ஒரே ராத்திரியில எப்படி?

ஒரே ராத்திரியில் வந்ததில்லை. நாலைந்து நாள் முன்பே ஈர உமியைக் கொத்தியபோது ஐமீரியா டெனெல்லா என்ற ஒட்டுண்ணியின் நுண்முட்டைகள் உள்ளே போயிருக்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் எட்டுக் கிருமிகள் வெளிவந்து, குடல் முடிவில் வால் போல இருக்கும் இரண்டு குருட்டுக்குடல்களில் புகும். முதல் சுற்றுப் பெருக்கத்தில் பெரிய சேதம் தெரியாது. இரண்டாவது சுற்றில் அவை உட்படலத்துக்கு அடியில், நுண்ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும் அடுக்கில் இறங்கி வீங்குகின்றன. நாலாம் நாள் வாக்கில் முற்றி வெடிக்கும்போது குழாய்களும் சேர்ந்து கிழிகின்றன. ஐந்தாம், ஆறாம் நாள் ரத்தம் கொட்டுவது அதனால்தான்.

இறந்த குஞ்சை அறுத்துப் பாருங்கள். குருட்டுக்குடல் இரண்டும் கருஞ்சிவப்பாக உப்பி, கீறினால் ரத்தக்கட்டி வரும். சில நாள் கடந்திருந்தால் உள்ளே வெளிறிய, கெட்டியான திரளை இருக்கும்.

ஊத்தங்கரை: இதுக்கு ஆம்ப்ரோலியம் மருந்து எவ்வளவு போடணுங்க?

20 சதவீதத் தூள் என்றால் 10 லிட்டர் தண்ணீருக்கு 12 கிராம், 5 நாள். அதன்பின் 3 கிராம், ஒரு வாரம். உறையில் சதவீதம் வேறாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கணக்கை மாற்றுங்கள். வேறு தண்ணீர் எதுவும் வைக்கக் கூடாது. நோயுற்றதை மட்டுமில்லை, கொட்டகையில் உள்ள அத்தனைக்கும் கொடுங்கள். தீவனத்தை ஒதுக்கும் குஞ்சும் தண்ணீர் குடிக்கும். இந்த மருந்து, கிருமிக்குத் தேவையான தயமின் (வைட்டமின் பி1) போல வேடமிட்டுக் கிருமியைப் பட்டினி போடுகிறது. அந்நாட்களில் தயமின் உள்ள பி-காம்ப்ளெக்ஸ் டானிக் கலந்தால் மருந்து வீணாகும், பலர் செய்யும் தவறு இது. வைட்டமின் கே கொடுக்கலாம். இதே கழிச்சலுக்குக் கொடுக்கும் இன்னொரு வகையான சல்பா மருந்தைக் கை அளவில் கொட்டாதீர்கள். அளவு மீறினால் ரத்தம் உறைவதே கெடும்.

பென்னாகரம்: பினாயில் ஊத்திட்டேன், திரும்ப வருதே அண்ணா?

அந்த நுண்முட்டையின் ஓடு பினாயிலுக்கு அசையாது. சூடும் ஈரமும் இருந்தால் இரண்டு நாளில் தொற்றுக்குத் தயாராகிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அதைச் சுற்றி நனைந்த உமியைத் தினமும் அள்ளி மாற்றுங்கள். பாத்திரங்களுக்குக் கொதிநீர் போதும்.

தேன்கனிக்கோட்டை: குழந்தைங்களுக்கு ஒட்டுமா? ஆட்டுக்கு?

ஒட்டாது. இது கோழிக்கு மட்டும் வருவது. ஆட்டுக்குட்டிக் கழிச்சலுக்கு வேறு ஐமீரியா இனங்கள் உண்டு.