சொந்தமா கட்டுற குட்டி விமானத்துக்கு எந்த டிஸ்ப்ளே வாங்கறது? உங்க கேள்வியும் என் பதிலும்

வணக்கம்ங்க. ஓசூர் பக்கம் சின்ன விமானங்களுக்கு பேனல், ஒயரிங் வேலை பாக்கறவன் நான். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் ஷெட்டுல வெச்சி ரெண்டு சீட்டு விமானம் கட்டிட்டு இருக்கறவங்க, கட்டணும்னு ஆசைப்படறவங்க கொஞ்சம் பேரு கேள்வி அனுப்பியிருந்தீங்க, எல்லாமே இஎஃப்ஐஎஸ் பத்திதான், அதாவது பழைய முள்ளு மீட்டருங்களுக்கு பதிலா வர்ற எலக்ட்ரானிக் ஸ்கிரீன். பறக்கறதுக்கு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்த பாக்கற மத்திய அரசு அமைப்பு) அனுமதி வாங்கற கதை தனி, அத இங்க தொடல.

பாலக்கோடு தம்பி: அண்ணா, கார்மின் ஜி3எக்ஸ் டச் வாங்கலாமா, டைனான் ஸ்கைவியூ வாங்கலாமா? 7 இன்ச் போதுமா 10 இன்ச் வேணுமா?

தம்பி, ரெண்டுமே நல்ல சாமான்தான். சவுத் ஆப்பிரிக்கா எம்ஜிஎல், அமெரிக்காவோட ஜிஆர்டி, ஸ்லோவேனியா கனார்டியா இதுங்களும் சொந்தமா கட்டுறவங்க நெறைய போடறதுதான். ஆனா எல்லாரும் ஸ்கிரீன்ல ஆரம்பிக்கறீங்க பாரு, அதுதான் எனக்கு பயமா இருக்குது. ஸ்கிரீன் வெறும் டிவி மாதிரி. மூளை பின்னாடி இருக்கற சின்ன பெட்டி, அதுக்குள்ளதான் வண்டி திரும்பறத அளக்கற கைரோ, வேகம் மாறறத அளக்கற ஆக்சிலரோமீட்டர், காத்தழுத்த சென்சார் எல்லாம். அந்த பெட்டிக்கு காத்து எங்கருந்து வருது, கரண்ட் எங்கருந்து வருது, நடுவானத்துல ஸ்கிரீன் அணைஞ்சா என் கண்ணு முன்னாடி மிச்சம் என்ன இருக்கும், இந்த மூணுக்கும் ஒரு பேப்பர்ல பதில் எழுது. எழுதி முடிச்சாலே எந்த கம்பெனி, எத்தன இன்ச்சுன்னு பாதி முடிவு ஆயிரும்.

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு அண்ணா: பழைய கைரோ சுத்தும். இதுல எதுவும் சுத்தலயே, எப்படி சாய்வு காட்டுது? ரெண்டு ஸ்கிரீன் போட்டா போதும்ல?

நல்ல கேள்விங்கண்ணா. இதுல இருக்கறது செல்போன்ல இருக்கற வகை மெம்ஸ் கைரோ, சிலிக்கான்ல செஞ்ச பொடி சாமான், உள்ள அதிர்ந்துகிட்டே இருக்கும், திரும்புற வேகத்த அதுல இருந்து கணக்கு பண்ணுது. கொறை என்னன்னா கொஞ்ச நேரத்துல மெல்ல மெல்ல நழுவும், அத சரி பண்ண வேற ஒரு துணை வேணும். டைனான் மாதிரி பெட்டிங்க அந்த துணைய பிட்டோ ட்யூப்ல (எதிர்காத்த வாங்கி வேகம் அளக்கற குழாய்) வர்ற காத்து வேகத்துல இருந்து எடுக்குது, அது போனா ஜிபிஎஸ்ஸுக்கு மாறிக்கும். இப்ப யோசிங்க, பிட்டோ அடைச்சா ஸ்பீடு மட்டும் போகல, சாய்வு காட்டறதுக்கு இருந்த முதல் துணையும் போச்சு, மிச்சம் ஜிபிஎஸ்தான். ரெண்டு ஸ்கிரீன் போட்டு ரெண்டுக்கும் ஒரே பெட்டி ஒரே பிட்டோ ஒரே ஃப்யூஸ்னா அது ஒரே மீட்டர்தான்ங்கண்ணா, ரெண்டு தடவ காட்டுது அவ்ளோதான்.

பென்னாகரம்: சார், பிட்டோ ட்யூப் அலுமினிய பைப்புல நாமளே செஞ்சிக்கலாமா?

வெயில் பகல்ல மட்டும், கண்ணால வெளிய பாத்து ஓட்டற விமானத்துக்கு நெறைய பேரு அப்படித்தான் செய்யறாங்க. ஆனா டெஸ்ட் பண்ணுங்க, காசே வேணாம். லெவல் பாக்கற கண்ணாடி மாதிரி ட்யூப் இருக்குல்ல, அத யூ மாதிரி வளைச்சு தண்ணி ஊத்தி ஒரு முனைய பிட்டோவுல மாட்டுங்க, இன்னொரு முனைய மெதுவா தூக்குங்க. ரெண்டு பக்க தண்ணி மட்டத்துக்கும் வித்தியாசம் 6 செ.மீ. வந்தா ஸ்கிரீன்ல 60 நாட்ஸ் கிட்ட காட்டணும், 16.5 செ.மீ. வந்தா 100 நாட்ஸ். அப்படியே ஒரு நிமிஷம் புடிங்க, எறங்குச்சுன்னா எங்கயோ லீக். வாயால மட்டும் ஊதாதீங்க, சென்சார் போயிரும், கேக்காம ஊதிட்டு வந்தவங்கள பாத்துருக்கேன்.

அப்புறம் குளவி. நம்ம ஊரு ஷெட்டுல கதவு நெலையில மண்ணு கூடு கட்டும்ல, அதுக்கு பிட்டோ ஓட்டை அளவெடுத்து செஞ்ச வீடு. நான் வேலை பாத்த ஒரு வண்டிய ரெண்டு வாரம் மூடி போடாம விட்டுட்டோம், தண்ணி டெஸ்ட்ல ஸ்பீடு அசையவே இல்ல, குச்சி விட்டு பாத்தா ஈர மண்ணு வருது. இது சின்ன விஷயம் இல்லங்க. 1996 பிப்ரவரில டொமினிகன் குடியரசுல ஒரு போயிங் 757 பயணிகள் விமானம் விழுந்து 189 பேரு செத்தாங்க, பிட்டோவுல குளவி கூடு இருந்திருக்கும்னுதான் விசாரணைல வந்துச்சு. அதே வருஷம் அக்டோபர்ல பெரு நாட்டுல இன்னொரு 757, கழுவறப்ப ஸ்டாட்டிக் ஓட்டை (வெளி காத்தழுத்தத்த எடுக்கற ஓட்டை) மேல ஒட்டுன டேப்ப எடுக்க மறந்துட்டாங்க, 70 பேரு. பிட்டோவும் அதோட வடிகால் ஓட்டையும் சேந்து அடைச்சா ஏற ஏற ஸ்பீடு கூடற மாதிரி காட்டும், நீங்க மூக்க தூக்குவீங்க, நெசத்துல வண்டி ஸ்டாலுக்கு, அதாவது வேகம் பத்தாம றெக்கை தூக்காத நெலைக்கு, போய்ட்டு இருக்கும். சிவப்பு துணி தொங்கற மூடி ஒண்ணு தைச்சு வெச்சிக்கோங்க, எடுக்க மறந்தாலும் கண்ணுல படும்.

பர்கூர்ல படிக்கிற பொண்ணு: சார், பேக்கப்புக்கு ஐபேட் போதாதா?

வேணாம்மா. ஐபேட் 35 டிகிரி வரைக்கும்தான்னு அந்த கம்பெனியே சொல்லுது, சித்திரை மாசம் தர்மபுரில கண்ணாடி மூடிக்குள்ள எவ்ளோ வரும்னு நெனச்சு பாரு, சூடு தாங்காம அதுவே ஆஃப் ஆயிரும். இன்னொண்ணு, ஜிபிஎஸ் காட்டறது தரை வேகம், றெக்கைக்கு வேண்டியது காத்து வேகம். பின்காத்து 15 நாட்ஸ் இருந்தா நீ ஸ்டாலுக்கு பக்கத்துல இருந்தாலும் டேப்லட் நல்லா வேகமா போறதா காட்டும். மேப்புக்கு வெச்சிக்கோ. பேக்கப்புக்கு ஒரு முள்ளு ஏர்ஸ்பீடு, ஒசரம் காட்டற ஒரு முள்ளு ஆல்டிமீட்டர், ஒரு காம்பஸ், இந்த மூணுக்கும் கரண்டே வேணாம். இல்லன்னா கார்மின் ஜி5 மாதிரி சின்ன ஸ்கிரீன், அதுக்குன்னு தனி பேட்டரி மாட்டுனா 4 மணி நேரம் வரைக்கும் நிக்கும்.

தேன்கனிக்கோட்டை: என்ஜின் ரோட்டாக்ஸ் 912. ஸ்டார்ட்டர் அமுக்குனா ஸ்கிரீன் அணைஞ்சு திரும்ப வருதுங்க. ஸ்கிரீன் கெட்டுப்போச்சா?

கெடல. ஸ்டார்ட்டர் இழுக்கறப்ப வோல்டேஜ் விழுது. பேக்கப் பேட்டரி மாட்டுங்க, அந்த நேரம் ஸ்கிரீன் முழிச்சிட்டு இருக்கறது ரொம்ப முக்கியம், ஏன்னா ஸ்டார்ட் ஆன உடனே நீங்க பாக்க வேண்டியது ஆயில் பிரஷர். ஓடறப்ப 2ல இருந்து 5 பார், குளிர்ல ஸ்டார்ட் பண்றப்ப 7 வரைக்கும் போலாம், 3500 ஆர்பிஎம்முக்கு கீழ 0.8க்கு கொறையவே கூடாது. 5500க்கு மேல 5800 வரைக்கும் 5 நிமிஷம்தான். இந்த நம்பர் எல்லாத்தயும் மஞ்சள், சிவப்புன்னு ஸ்கிரீன்ல நீங்களே செட் பண்ணணும், பெட்டிய பிரிச்ச உடனே தானா வராது. 912யோட ஜெனரேட்டர் மொத்தமே 250 வாட்ஸ் கிட்டதான், 18 ஆம்ப்ஸ்னு வெச்சிக்கோங்க, அதுவும் ஐடிலிங்ல அவ்ளோ வராது. ஸ்கிரீன், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு பதில் சொல்ற பெட்டி), லைட், பம்ப் எல்லாத்தயும் கூட்டி பாத்துட்டு ரெண்டாவது ஸ்கிரீன் பத்தி யோசிங்க.

அரூர்: ஓசூர்ல தரையிலயே ஒசரம் 3000 அடி காட்டுது, ரிப்பேரா?

இல்லங்க, ஓசூரே கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட அவ்ளோ ஒசரம். அன்னைக்கு கியூஎன்எச் (கடல் மட்டத்துக்கு கணக்கு பண்ண காத்தழுத்தம்) போட்டீங்களான்னு மட்டும் பாருங்க, 1 ஹெக்டோபாஸ்கல் தப்புன்னா 30 அடி கிட்ட தப்பும்.

ஓசூர் தம்பி: லைட் போட்டா திசை 20 டிகிரி திரும்புதுண்ணா.

மேக்னட்டோமீட்டர் (காந்தத்த வெச்சி திசை பாக்கற சென்சார்) பக்கத்துல லைட் ஒயர் போகுது. றெக்கை நுனி, வாலு மாதிரி இரும்பும் கரண்டும் இல்லாத எடத்துக்கு மாத்து. பித்தளை ஸ்க்ரூ போடு. ஒயர்னு சொன்னதால சொல்றேன், பைக் கடை பிவிசி ஒயர் விமானத்துக்குள்ள வேணவே வேணாம், பத்துனா அந்த புகையில மூச்சு விட முடியாது. விமானத்துக்கு போடற டெஃப்செல் ஒயர் வெல கூடத்தான், வாங்கு. முனைய சால்டர் பண்ணாத, நல்ல கிரிம்பிங் டூல் வெச்சி கிரிம்ப் பண்ணு, அதாவது முனைய அமுக்கி இறுக்கு.

கிருஷ்ணகிரி: பேனல லேசர் கட்டிங் குடுக்க போறேன், சைஸ் சொல்லுங்க.

இப்பவே குடுக்காதீங்க. மாம்பழ பெட்டி அட்டை இருக்கும்ல, அதுல பேனல வெட்டி, ஸ்கிரீன் சைஸுக்கு பேப்பர் ஒட்டி, வண்டில மாட்டிட்டு ஹெட்செட், பெல்ட் எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் உக்காருங்க. சாயங்காலம் வெயில் பின்னாடி இருந்து அடிக்கறப்ப ஒரு தடவ. கை நீட்டுனா முள்ளு மீட்டர மறைக்குதா, தலைய ஆட்டாம ஏர்ஸ்பீடு தெரியுதான்னு பாத்துட்டு அந்த அட்டையோட ஃபோட்டோவ எனக்கு அனுப்புங்க, அப்புறம் அலுமினியத்த தொடலாம்.