வாசகர் கேள்வி – பதில்: பானை பொங்கட்டும், பந்தி நிறையட்டும்

மார்கழி முடியும் முன்பே பொங்கல் கேள்விகள் குவிந்துவிட்டன. சமையல், சீர், மாடு என்று ஆளுக்கொன்று கேட்டிருந்தாலும் அடியில் ஓடும் கவலை ஒன்றுதான். வருஷத்தில் இந்த நாலு நாள்தான் வீடு நிறைகிறது, அது அடுப்படிப் பதற்றத்திலேயே கரைந்துவிடக் கூடாது. அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி (வாசகர், ஓசூர்): பிள்ளைகள் மூன்று ஊர்களில் வேலை பார்க்கிறார்கள். பொங்கல் சில வருஷம் ஜனவரி 14, சில வருஷம் 15 என்று மாறுவதால் லீவு கேட்பதில் குழப்பம். ஏன் இப்படி?

பதில்: சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நேரத்தை வைத்துத் தை மாதம் பிறக்கிறது. அந்த நேரம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் தள்ளிப்போகும், லீப் வருஷத்துக்கு அடுத்து வரும் ஜனவரியில் ஒரு நாள் குறைந்து பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால்தான் 2024-ல் 15, 2025-ல் 14, 2026-ல் 15 என்று வந்தது. இதற்கு மேல், ஏறக்குறைய 70 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் நிரந்தரமாகவும் நகர்கிறது. விவேகானந்தர் பிறந்த 1863-ஆம் ஆண்டு மகர சங்கராந்தி ஜனவரி 12-ல் வந்தது. புது வருஷக் காலண்டர் கைக்கு வந்ததுமே தேதியைப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிடுங்கள். ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். நவம்பரில் தேடினால் இடம் கிடைக்கும், ஜனவரியில் தேடினால் கிடைக்காது.

கேள்வி (வாசகி, பெரம்பூர்): ஃபிளாட்டில் கேஸ் அடுப்பில் மண்பானைப் பொங்கல் வைக்கிறோம். போன வருஷம் பானை விரிசல் விட்டது. பால் பொங்கி வழிந்து அடுப்பும் அணைந்துவிட்டது. என்ன தவறு?

பதில்: பானையைக் கடைசி நாள் வாங்கியதுதான் முதல் தவறாக இருக்கும். புதுப் பானை பழக நாலைந்து நாள் வேண்டும். வாங்கும்போதே விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. அடி தட்டையான பானையாகத் தேர்ந்தெடுங்கள், உருண்டை அடி கேஸ் அடுப்புக் கம்பியில் ஆடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் முழுக 24 மணி நேரம் ஊறட்டும். நிழலில் காய்ந்த பிறகு, முக்கால் பானை வடிகஞ்சி ஊற்றிச் சிறு தீயில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். மறுநாள் இன்னொரு முறை செய்தால் பானை கசியாது. சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும், வெந்த பானையை ஈரத் தரையில் இறக்குவதும்தான் விரிசலுக்கு வழக்கமான காரணங்கள். இறக்கும் இடத்தில் பிரிமணையோ மடித்த சாக்கோ போட்டு வையுங்கள்.

பொங்கலன்று பர்னருக்கு மேல் ஒரு பழைய தோசைக்கல்லை வைத்து, அதன் மேல் பானையை வையுங்கள். சூடு ஒரே இடத்தில் தாக்காமல் பரவும், வழியும் பாலும் நேராக பர்னருக்குள் இறங்காது. முதல் பத்து நிமிஷம் தீ சிறிதாகவே இருக்கட்டும். கோயில் குடம் மாதிரி வெளியெல்லாம் பெயிண்ட் அடித்த பானை வேண்டாம், தீ படும் இடத்தில் பெயிண்ட் கருகி நாறும். கழுத்துக்குக் கீழே சுண்ணாம்பிலும் செம்மண்ணிலும் இரண்டு கோடு இழுத்தாலே பானைக்கு அழகு வந்துவிடும்.

அடுப்பு அணைந்த விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீ அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும், "பொங்கலோ பொங்கல்" சத்தத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருவர் கை குமிழ் மேலேயே இருக்க வேண்டும். பால் விளிம்புக்கு வந்ததும் தீயைக் குறைத்தாலும் அது வழிந்துவிடும், சகுனம் ஒன்றும் கெடாது. அணைந்துவிட்டால் குமிழை மூடி, ஜன்னலைத் திறந்து, ஐந்து நிமிஷம் பொறுத்து, பர்னர் துளைகளைத் துடைத்த பிறகே மறுபடி பற்ற வையுங்கள். அதுவரை எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம்.

சிலர் வீட்டில் பால் பொங்குவதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் அதிகமானால் அப்படித்தான். பால் சூடாகும்போது மேலே ஏடு படியும், அடியிலிருந்து வரும் ஆவி அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு எழும். இரண்டு லிட்டர் பானைக்கு அரை லிட்டர் பாலும், அரிசி இரண்டாம் முறை களைந்த நீர் ஒரு லிட்டரும் ஊற்றினால் தோள் வரை வரும். ஆள் காத்திருக்கும் பதற்றத்தில் கரண்டி போட்டுக் கிளறாதீர்கள், ஏடு உடைந்துவிடும். பொங்கிய பிறகு இரண்டு டம்ளர் நீரை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, வீட்டில் மூத்தவரிலிருந்து கடைக்குட்டி வரை ஆளுக்கு ஒரு பிடி அரிசி போடட்டும். சின்னப் பிள்ளைகள் கையை ஆவிக்கு மேல் நீட்ட விடாமல் ஒரு கரண்டியில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இன்டக்ஷன் அடுப்பு மட்டும் இருப்பவர்களுக்கு மண்பானையும் வெண்கலப் பானையும் சூடேறாது. காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து அதற்கே மஞ்சள் கொத்து கட்டுங்கள்.

கேள்வி (வாசகி, மன்னார்குடி): இந்த முறை 15 பேர் சாப்பிடுகிறோம். சர்க்கரைப் பொங்கலுக்கு அளவு சொல்லுங்கள். எனக்கு எப்போதும் பால் திரிந்துவிடுகிறது, ஆறியதும் கல்லாகிவிடுகிறது.

பதில்: பச்சரிசி அரைக் கிலோ, பாசிப்பருப்பு 125 கிராம், வெல்லம் ஒரு கிலோ, பால் அரை லிட்டர், தண்ணீர் மூன்று லிட்டர், நெய் 200 கிராம், முந்திரி 75 கிராம், திராட்சை 50 கிராம், ஏலக்காய் பத்து. சாப்பாட்டோடு பரிமாற இது தாராளம். இவ்வளவையும் மண்பானையில் வைக்க வேண்டாம். பானையில் ஒரு டம்ளர் அரிசிக்கு மட்டும் பொங்கவிட்டு, மீதியைப் பெரிய பாத்திரத்தில் வேகவைத்து, படைத்த பிறகு பானைப் பொங்கலை அதில் கலந்துவிடுங்கள். பொங்கிய பானையின் பங்கு எல்லோர் இலைக்கும் போய்விடும்.

பால் திரிவதற்குக் காரணம் வெல்லம். அதில் உள்ள புளிப்பும் உப்பும் கொதிக்கும் பாலில் நேராகப் பட்டால் திரியும். அரிசியும் பருப்பும் பாலை முழுக்க இழுத்துக் குழைந்த பிறகு, வெல்லத்தைத் தனியே அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி வந்ததும் ஊற்றுங்கள். வடிகட்டாமல் போட்டால் பல்லில் மண் நறநறக்கும். இன்னொன்று, வெல்லம் சேர்ந்த பிறகு அரிசி மேலே வேகாது. விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், அதற்கு முன் வெல்லம் கூடாது. கல்லாவதற்கும் பாதிக் காரணம் அதுவே. மீதிக் காரணம், இறுகும்வரை அடுப்பில் வைத்திருப்பது. கரண்டியிலிருந்து தளர விழும் பதத்தில் இறக்கினால் இலைக்கு வரும்போது சரியாக இருக்கும். பச்சைக் கற்பூரம் ஒரு அரிசி அளவு போதும், கூடினால் கசக்கும். ஆரத்திக் கற்பூரம் சாப்பிடும் பொருளே இல்லை, டப்பாவைப் பார்த்து எடுங்கள்.

கேள்வி (வாசகர், கோவை): எல்லோரும் கூடுகிறோம், ஆனால் அம்மா மட்டும் அடுப்படியிலேயே இருக்கிறார். கேட்டால் "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்கிறார்.

பதில்: கேட்காதீர்கள். கேட்டால் அந்தப் பதில்தான் வரும். போகி இரவே வேலைகளைக் கையில் எடுத்துவிடுங்கள். தேங்காய் துருவுவது, வெல்லம் தட்டுவது, ஏலக்காய் பொடிப்பது, பருப்பு வறுப்பது, கிழங்கு கழுவித் தோல் சீவுவது எல்லாமே முதல் நாள் முடியும். சேனையும் கருணையும் கை அரிக்கும், சீவுகிறவர் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளட்டும். வெட்டிய கிழங்கைத் தண்ணீரில் போட்டு வைத்தால் கறுக்காது. கோலம் பெண்பிள்ளைகள் பாடு என்று விடாமல் பையன்களையும் உட்கார வையுங்கள். கரும்பைக் கணுக்கணுவாக வெட்டுவதும் இலை நறுக்குவதும் அவர்கள் செய்யக்கூடியதே. பண்டிகைக்கு மறுநாள் காலைப் பாத்திரம் யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், உறவுகள் முகம் சுளிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சமைத்தவர் முதல் பந்தியில் உட்கார வேண்டும். அம்மாவுக்கு இலை போட்டு, மகன்கள் பரிமாறுங்கள். அவர் இரண்டு முறை எழுந்திருக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அடுத்து என்ன பரிமாறுவது என்று அவரிடம் கேட்க வேண்டாதபடி பாத்திரங்களை இலை வரிசைக்கு ஏற்ப முன்பே அடுக்கி வைத்தால் அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே வராது. அன்று அவருக்குச் சொல்லும் நன்றி இதைவிட வேறு வேண்டாம்.

கேள்வி (வாசகி, மதுரை): வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குப் பொங்கலுக்கு என்ன கொடுப்பது முறை?

பதில்: அவருக்கும் பொங்கல் உண்டு என்பதிலிருந்து தொடங்குங்கள். பணமும் துணியும் போகிக்கு நாலைந்து நாள் முன்பே போய்ச் சேர வேண்டும், அப்போதுதான் கடைக்குப் போக முடியும். ரவிக்கைத் துணியாகக் கொடுத்தால் தையல் கூலியும் சேருங்கள், இல்லாவிட்டால் அது பெட்டியில் கிடக்கும். பச்சரிசி, வெல்லம், பருப்பு, ஒரு கரும்பு என்று பொருளாகக் கொடுப்பதும் நல்லது. மதியம் மீந்ததைக் கட்டிக் கொடுப்பதைச் சீர் என்று சொல்லாதீர்கள். தைப்பொங்கலும் மாட்டுப்பொங்கலும் சம்பளத்தோடு விடுமுறை. அறுவடையில் களத்துமேட்டிலேயே உழைத்தவர்களுக்கு நெல் அளந்த காலத்தில் வாங்குகிறவர் கைகட்டி நின்றார். அளக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்வோம், கைகட்டும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

கேள்வி (வாசகர், தாராபுரம்): மாட்டுப்பொங்கலன்று மாடுகளுக்கு வயிறு நிறையப் பொங்கல் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. வெந்த அரிசியும் வெல்லமும் மாட்டின் பெருவயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசை போடுவது நின்று, இடது வயிறு உப்பி, சாணம் தண்ணீராகப் போகும், உயிரே போகலாம். நன்றி சொல்லும் நாளில் அன்பு மிகுதியால் இப்படி நடப்பது கொடுமை. மாட்டுக்கு இரண்டு மூன்று கைப்பிடி போதும், முதலில் பசுந்தீவனமும் வைக்கோலும் தின்றிருக்கட்டும். வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு உருண்டை ஊட்டிவிடாமல் ஒருவர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலூன், பிளாஸ்டிக் மாலை கட்டாதீர்கள், பக்கத்து மாடு மென்றுவிடும். அறிகுறி தெரிந்தால் கைவைத்தியம் பார்க்காமல் 1962-க்கு அழையுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான இலவச எண் அது.

கேள்வி (வாசகி, காரைக்குடி): ஆடியில் மாமனார் காலமானார். இந்த வருஷம் பொங்கல் இல்லை என்கிறார்கள். குழந்தைகள் ஏங்குகிறார்கள்.

பதில்: வருஷம் திரும்பும்வரை பானை ஏற்றாமல் இருப்பது பல குடும்பங்களில் உள்ள வழக்கம், பெரியவர்கள் மனதை அதில் நோகடிக்க வேண்டாம். ஆனால் பங்காளி அல்லாத உறவும் அக்கம்பக்கமும் பொங்கல் கொண்டுவந்து தருவதற்குத் தடையில்லை. நீங்களே உரிமையோடு சொல்லி வையுங்கள். காணும் பொங்கலன்று மாமனாரோடு பழகிய பெரியவர்களைக் குழந்தைகளோடு போய்ப் பார்த்து வாருங்கள். அவரைப் பற்றி அவர்கள் சொல்லும் கதைகளைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

கேள்வி (வாசகி, கும்பகோணம்): அண்ணன் நியூஜெர்சியில் இருக்கிறார். கனுப்பிடி வைக்கும்போது அவரும் பார்க்க வேண்டும் என்று ஆசை. எப்படி வைப்பது, எந்த நேரம்?

பதில்: காக்கைக் கூட்டம் கலைந்தாலும் உடன்பிறந்தார் கூட்டம் கலையக் கூடாது என்று காக்கைக்குச் சோறு வைத்து வேண்டுவதுதான் கனு, அதனால் அண்ணன் பார்ப்பது பொருத்தமே. தைப்பொங்கலன்று வடித்த சாதத்தில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். மஞ்சள்பொடி கலந்தது ஒன்று, சிவப்பு ஒன்று, தயிர்சாதம் ஒன்று, சர்க்கரைப் பொங்கல் ஒன்று, வெறும் சாதம் ஒன்று. சிவப்புக்குக் கடைக் குங்குமம் வேண்டாம், அதில் சாயம் இருக்கும், பறவைகள் தின்னப்போகின்றன. பீட்ரூட் சாறு போதும். நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக, வரிசைக்கு ஒற்றைப்படையில், மஞ்சள் இலையில் வையுங்கள். கரும்புத் துண்டு, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு பக்கத்தில். மொட்டைமாடியில் காற்று அடித்தால் இலை பறக்கும், நாலு மூலையிலும் கூழாங்கல் வையுங்கள்.

மாட்டுப்பொங்கலன்று காலை 6 மணிக்கு வைத்தால் நியூஜெர்சியில் முதல் நாள் இரவு 7.30. அண்ணன் வேலை முடிந்து வீட்டில் இருப்பார், அங்கே அப்போதுதான் தைப்பொங்கல் இரவுச் சாப்பாடு நடக்கும். போனை இலையிலிருந்து பத்தடி தள்ளிச் சுவரில் சாய்த்து வைத்து, ஒலியைக் குறைத்துவிட்டு விலகி நில்லுங்கள். போனும் ஆளும் பக்கத்தில் இருந்தால் காக்கை வராது.